நடவு கடைசி வேலை: சென்னைக் கழிமுகங்களில் அலையாத்தி வளர்க்க முழுமையான வழிகாட்டி

அடையாறு, எண்ணூர், முட்டுக்காடு, பழவேற்காடு என்று சென்னையை ஒட்டி அலையாத்தி (மாங்குரோவ்) வளரக்கூடிய கழிமுகங்களும் உப்பங்கழிகளும் இருக்கின்றன. நட வருகிற குழுக்களோடு சேற்றில் நின்று வேலை பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செடி சாவதற்கான காரணம் பெரும்பாலும் செடியில் இருப்பதில்லை. தண்ணீர் எட்டாத இடத்தில் நட்டிருப்பார்கள். அல்லது வந்த தண்ணீர் வடியாத இடத்தில் நட்டிருப்பார்கள். நாற்று, குழி, பை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நடவுக்கு முந்தைய வேலைகளே. கல்லூரிக் குழு, குடியிருப்போர் சங்கம், மீனவ ஊர் இளைஞர்கள் என்று யார் தொடங்கினாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் நாள்காட்டியைச் சரிசெய்யுங்கள்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஜூலை 26 உலக அலையாத்தி தினம். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டித்தான் நகரில் நடவு நிகழ்ச்சிகள் குவிகின்றன. சென்னைக் கடற்கரைக்கு இவை இரண்டுமே பொருந்தாத நாட்கள். அந்தப் பருவத்தில் கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல், அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தை மேடுபோட்டு அடைக்கிறது. உள்ளே ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், வருவது குறைகிறது, வெயிலில் உப்பு ஏறுகிறது. புது நாற்றுக்கு இதைவிடக் கடினமான காலம் கிடையாது.

நம் ஊருக்கான வரிசை இது: சித்திரை முதல் ஆடி வரை இடம் பார்ப்பது, அளப்பது, அனுமதி கேட்பது. ஆவணி, புரட்டாசியில் நீர்வழியைச் சரிசெய்வதும் நாற்றங்கால் அமைப்பதும். ஐப்பசி, கார்த்திகையில் விதை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்தபின், மார்கழிக் கடைசியிலிருந்து மாசிக்குள் நடவு. அப்போது முகத்துவாரம் திறந்திருக்கும், சேறு இளகியிருக்கும், மழைநீர் கலந்து உப்பும் குறைந்திருக்கும். கோடை வருவதற்குள் வேர் பிடிக்கச் சில மாதங்கள் கிடைக்கும்.

நிதி தருகிறவர் ஜூனில் படம் வேண்டும் என்றால், ஜூனில் குப்பை அகற்றும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தேவையான வேலைதான்.

2. இடம் யாருடையது, யார் பயன்படுத்துவது

கழிமுக நிலம் அநேகமாக அரசுப் புறம்போக்காகவோ வனத்துறை நிலமாகவோ இருக்கும். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஆற்றின் கரை, முகத்துவாரம் தொடர்பான எதற்கும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலய எல்லைக்குள் வந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்கவே கூடாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011ஆம் ஆண்டினுடையதும் சரி, 2019ஆம் ஆண்டினுடையதும் சரி, அலையாத்திப் பகுதிகளை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் வைக்கின்றன. நல்ல எண்ணத்தோடு பொக்லைன் கொண்டுபோய் வாய்க்கால் வெட்டினாலும் அது விதிமீறலாகலாம். கையால் ஒரு மண்வெட்டி போடுவதானாலும் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

அரசு அனுமதிக்கு முன்பே போகவேண்டிய இடம் ஒன்று உண்டு: பக்கத்து மீனவ ஊர்ப் பஞ்சாயத்து. எந்தச் சேற்றில் வலை இழுக்கிறார்கள், எங்கே படகு ஒதுக்குகிறார்கள், எங்கே கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு குழு குச்சி நட்டு எல்லை குறித்துக்கொண்டிருந்தபோது, இறால் பறியோடு வந்த இருளர் அக்கா ஒருவர் நின்று கேட்டார்: "இங்க செடி வெச்சா நாங்க எங்க கண்ணு கைய வெச்சுத் தடவுறது?" எல்லை அன்றே நகர்ந்தது. ஊரார் ஒப்பாத இடத்தில் வைத்த செடி ஒரு பருவம்கூடத் தாங்காது; தாங்கினாலும் அது நியாயமில்லை.

3. நடக்கூடாத இடங்கள்

வெற்றுச் சேறு எல்லாம் காலியிடம் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கும்போது, வெளிப்படும் சேற்றுத் திட்டு, வலசை வரும் உள்ளான்களுக்கு இரை மேயும் இடம். மட்டியும் இறாலும் வளரும் இடம். அங்கே செடி பிழைத்தால் பறவைக்கு இழப்பு. பெரும்பாலும் செடி பிழைப்பதும் இல்லை, ஏனென்றால் அது அலையாத்திக்கு மிகத் தாழ்வான மட்டம்.

கடலைப் பார்த்த மணற்பரப்பையும் விட்டுவிடுங்கள். அங்கே அடும்பும் ராவணன் மீசையும் மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறிவரும் கரை அது. உமரி செழித்துக் கிடக்கும் உவர்நிலமும் தன்னளவில் ஒரு முழுமையான வாழிடம். அதைப் பிடுங்கி அலையாத்தி வைக்க வேண்டியதில்லை.

நட வேண்டிய இடம் முன்பு அலையாத்தி இருந்து, மனிதச் செயலால் அழிந்த இடம். ஊர்ப் பெரியவர்களின் நினைவும் பழைய செயற்கைக்கோள் படங்களும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

4. ஓதத்தை அளப்பது

இந்த வேலையைத் தாண்டிக் குதிக்கிற குழுக்கள்தான் அதிகம்.

சென்னையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது. அட்டமி, நவமியை ஒட்டிச் சிறிது. பெரிய ஓதத்திலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் சுமார் ஒரு மீட்டர்தான். உப்பங்கழிக்குள் அது இன்னும் குறையும். மொத்த ஏற்ற இறக்கமே இவ்வளவு சிறிதாக இருப்பதால், தரை மட்டத்தில் ஒரு சாண் தவறினாலும் செடியின் தலையெழுத்து மாறிவிடும்.

இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) சென்னைத் துறைமுகத்துக்கான ஓத நேரங்களை வெளியிடுகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். துறைமுகத்தில் ஏறிய தண்ணீர் உள்ளே வந்துசேர நேரம் பிடிக்கும். பாலம், மணல்மேடு, குழாய் எல்லாம் அதைத் தடுக்கும். உங்கள் இடத்தில் சென்டிமீட்டர் குறித்த கோல் ஒன்றை ஆழமாக ஊன்றி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரைமணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒருமுறை பௌர்ணமியை ஒட்டி, ஒருமுறை அட்டமியை ஒட்டி. முகத்துவாரம் அடைத்திருக்கும்போது ஒரு சுற்று, திறந்தபின் ஒரு சுற்று. இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

5. கொத்தனாரின் மட்டக்குழாய் போதும்

அலையாத்தி, ஓதம் ஏறி இறங்கும் உயரத்தின் மேல்பாதியில் வளர்வது. தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிட, பக்கத்தில் நன்றாக இருக்கும் மரத்தையே கேட்பது எளிது. அதற்கு வேண்டியது வீடு கட்டும் இடங்களில் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், இரண்டு அளவுகோல், இரண்டு பேர்.

இயற்கையாக முளைத்து இரண்டு மூன்று வயதான அலையாத்திச் செடிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அவற்றில் மிகத் தாழ்வாக நிற்கும் செடியின் அடியில் ஒருவர் டியூபின் ஒரு முனையை அளவுகோலோடு சேர்த்துப் பிடிக்கட்டும். மற்றவர் நடப்போகும் இடத்தில் அடுத்த முனையைப் பிடிக்கட்டும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். தண்ணீர் ஆடி நின்றபின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து நீர்வரை எத்தனை சென்டிமீட்டர் என்று படித்தால், வித்தியாசம்தான் தரை உயர வேறுபாடு. தூரம் அதிகமென்றால் நடுவில் முளையடித்துத் தாவித் தாவிப் போகலாம். பிறகு மிக உயரத்தில் நிற்கும் செடிக்கும் இதையே செய்யுங்கள்.

இந்த இரண்டு மட்டத்துக்கும் இடையில் உங்கள் இடம் இருந்தால் தொடரலாம். கீழே இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மண் கொட்டி உயர்த்தும் யோசனை வேண்டாம். அது நீர்வழியை அடைக்கும், சட்டத்துக்கும் ஒவ்வாது. மேலே இருந்தால், ஏன் உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தரையே உயர்ந்த இடங்கள் உண்டு. அங்கே சாம்பல் அகலாமல் நடவு செய்வது வீண்.

6. ஏன் தானாக முளைக்கவில்லை?

மட்டம் சரி, பக்கத்தில் தாய்மரமும் இருக்கிறது, ஆண்டுதோறும் விதை மிதந்து வருகிறது. இருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. அப்படியானால் ஏதோ தடுக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பாதை போட்ட மண்மேடு ஓதத்தை மறிக்கிறது, அடியில் போட்ட குழாய் பிளாஸ்டிக்கால் அடைத்துக் கிடக்கிறது, பள்ளத்தில் நீர் தேங்கி வெயிலில் வற்றி உப்பாகிறது, ஆடுமாடு மேய்கிறது, ஓதத்தோடு வரும் குப்பை இளஞ்செடியை அமுக்குகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தேங்கிய பள்ளத்தில் கோடையில் இது பல மடங்காகலாம். ரெஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியால் ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம். இறால் பண்ணைக்காரர்களிடம் இருக்கும்.

தேங்கும் நீருக்கு வழி, வாய்க்கால். தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்து காட்டிய மீன்முள் வாய்க்கால் முறையே இதற்கு முன்மாதிரி. அங்கே ஒரு காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதில் சேறு காய்ந்து தாழ்ந்து, நடுவில் குழிவாகி, வந்த கடல்நீர் வெளியேறாமல் உப்பு ஏறியிருந்தது. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டினார்கள். கிளைகள் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதால் நீர் தடையின்றி ஏறி இறங்குகிறது.

உங்கள் இடம் சிறிதென்றால் இவ்வளவு வேண்டியிராது. அடைபட்ட குழாயைத் திறந்தாலே போதுமான இடங்களும் உண்டு. வாய்க்கால் வெட்டுவதானால் அடி குறுகியும் மேல் அகன்றும் இருக்கட்டும், இல்லையென்றால் கரை சரியும். தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் அதுவே புதுக் கரையாகி நீரைத் தடுக்கும். அதை மெல்லப் பரப்பிவிடுங்கள். குவித்த மண்ணில் சீமைக்கருவேலம் முதலில் வந்து உட்காரும்.

நீர்வழி திறந்தபின் ஒரு விதைப் பருவம் பொறுத்துப் பாருங்கள். தானாக முளைக்கத் தொடங்கினால் நடவே தேவையில்லை. எனக்கு அதுதான் முழு வெற்றி. அப்படி முளைத்தவை தங்களுக்குப் பொருந்திய மட்டத்தில்தான் நிற்கும்.

7. எந்த மரம்

சென்னைக்கு வெண்கண்டல். நம் கழிமுகங்களில் இயல்பாக மிகுந்திருப்பது அதுவே. உப்பைத் தாங்கும், இலைமேல் உப்பைக் கசியவிடும். காலையில் இலையின் மேல் விரலை வைத்து நாக்கில் தொட்டால் தெரியும்.

சுரபுன்னையின் முட்டுவேர் படத்தில் அழகாக இருப்பதால் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். அதற்கு உப்பு மிகாமல், ஓதம் தவறாமல் வரும் ஓடைக்கரை வேண்டும். கோடையில் முகத்துவாரம் அடையும் இடத்தில் அதைப் பெருமளவில் வைக்க நான் சொல்லமாட்டேன். மேட்டு ஓரத்தில் தில்லை வைக்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிச்சல், பார்வைக்கும் கெடுதல் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

8. விதை எடுப்பது

வெண்கண்டலின் கனி அவரைக்கொட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தட்டையாக்கினாற்போல் இருக்கும், மேலே சாம்பல் பச்சைத் தோல். உள்ளே விதை மரத்திலேயே முளைவிடத் தொடங்கியிருக்கும். முற்றியது, தோல் மஞ்சளோடி, தொட்டாலே கையில் விழும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது முற்றவில்லை, விட்டுவிடுங்கள். துளை விழுந்ததை ஒதுக்குங்கள், உள்ளே புழு இருக்கும்.

ஒரே மரத்தில் மொத்தமும் எடுக்காமல் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அந்தந்தக் கழிமுகத்து விதையே அங்கே நல்லது. எடுத்ததை ஈரக் கோணியில் போட்டு நிழலில் வையுங்கள். இது நெல்விதை மாதிரி காயவைத்துச் சேமிக்கும் விதை இல்லை, காய்ந்தால் செத்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் விட்டால் ஒரே மதியத்தில் வெந்துவிடும்.

கழிமுகத் தண்ணீரிலேயே ஓரிரு நாள் ஊறவிட்டால் தோல் தானாகக் கழன்று, பச்சைப் பருப்பிலை (வித்திலை) இரண்டும் விரியும். நகத்தால் உரிக்க வேண்டாம், முளை ஒடியும்.

9. நாற்றங்கால்

மொட்டைமாடியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்று பச்சைப்பசேலென்று இருக்கும். கழிமுகத்தில் வைத்ததும் சுருண்டுவிடும். உப்பையே பார்க்காத செடி அது. நாற்றங்காலை ஓதம் ஏறும் மேல் விளிம்பில் அமையுங்கள். பெரிய ஏற்றத்தில் பைகள் நனைய வேண்டும், வற்றத்தில் முழுதும் வடிய வேண்டும். ஓதம் எட்டாத நாட்களில் கழிமுக நீரை மொண்டு ஊற்றலாம்.

பையில் அந்த இடத்துச் சேறு. களி மிகுதியென்றால் கொஞ்சம் மணல். பையின் அடியில் துளைகள் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விதையை, மயிர்போல் வேர்நுனி தெரியும் பக்கம் கீழே இருக்கும்படி, சேற்றில் பதியும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். பருப்பிலையைப் புதைத்தால் அழுகும். முதல் இரண்டு வாரம் நண்டு வெட்டாமல் இருக்கச் சுற்றிலும் பழைய வலையைக் கட்டுங்கள்.

நான்கு முதல் ஆறு இலை வந்து, தண்டு அடியில் கட்டை நிறம் தட்டியதும் நடலாம். அதற்குள் மாசி தாண்டிவிட்டால் அவசரப்படாமல் நாற்றங்காலிலேயே பெரிய பைக்கு மாற்றி, அடுத்த மழை முடியும்வரை வைத்திருங்கள்.

10. நடவு நாள்

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சேற்றில் இறங்கிவிட வேண்டும். அப்போதுதான் ஏற்றம் திரும்புவதற்குள் கரையேறலாம். ரப்பர் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும். கணுக்காலோடு இறுகக் கட்டிய பழைய கான்வாஸ் ஷூ மேல். சிப்பி ஓடும் கண்ணாடித் துண்டும் காலைக் கிழிக்கும். அடையாறு போன்ற இடத்தில் நீரில் சாக்கடையும் கலந்திருப்பதால் கையுறை கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், காயம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. சில நாளில் காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

ஆட்களைக் குறைவாக வையுங்கள். நூறு பேர் நடந்தால் சேறு மிதிபட்டு இறுகும், தானாக முளைத்த கன்றுகளும் நசுங்கும். நடப்பதற்குப் பலகை போட்டு, அதன்மேலேயே வந்துபோகட்டும்.

பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கி, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தரையோடு பொருந்த வையுங்கள். சுற்றிலும் கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்க வேண்டாம். செடிக்குச் செடி ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர். நேர்க்கோட்டு வரிசையைவிட, சின்னச் சின்னக் கூட்டமாக வைத்து இடையில் தண்ணீருக்கு வழிவிடுவது எனக்குப் பிடித்த முறை. கிழித்த பைகளை எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். நட்ட எண்ணிக்கையும் பை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

11. முதல் கோடை

முதல் மாதம் வாரம் ஒருமுறை போய், செடிமேல் மாட்டிய பிளாஸ்டிக்கையும் பாசியையும் எடுத்துவிடுங்கள். தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) அப்பிக்கொண்டால் மெல்லச் சுரண்டலாம். எல்லாச் செடியிலும் அது அப்பியிருந்தால் நட்ட மட்டம் தாழ்வு என்று அர்த்தம். அதிக நேரம் நீருக்குள் கிடக்கும் இடத்தில்தான் அது அப்படி ஏறும்.

பங்குனிக்குமேல் முகத்துவாரத்தைக் கவனியுங்கள். மணல் அடைத்து உள்ளே நீர் ஏறி நின்றுவிட்டால், சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு காற்றை வாங்கும் மூச்சுவேர்கள் நாள்கணக்கில் மூழ்கி வளர்ந்த மரமே பட்டுப்போகலாம். மட்டக்கோல் அளவும் தேதியும் உள்ள படங்களோடு நீர்வளத் துறைக்கு எழுதுங்கள். "தண்ணீர் தேங்குகிறது" என்று வெறுமனே எழுதிய மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம். முகத்துவாரத்தை நீங்களே வெட்டிவிடப் போகாதீர்கள், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

எண்ணெய் படிந்தால் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மூச்சுவேர்களின்மேல் கறுப்பாகப் பூசிக்கொண்டது. அந்த வேரின் நுண்துளைகள் அடைந்தால் மரம் மூச்சு முட்டும். ஆர்வத்தில் உள்ளே இறங்கி மிதித்தால் எண்ணெய் இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் போகும். கரையிலிருந்தே படமெடுத்து, வனத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

12. எத்தனை பிழைத்தது என்று எண்ணுங்கள்

எத்தனை நட்டோம் என்பது கணக்கே இல்லை. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்கள் சிலவற்றை முளையடித்துக் குறித்துவைத்து, மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று அதே கட்டங்களில் எண்ணுங்கள். நட்டது, தானாக முளைத்தது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

செத்த செடிகள் எங்கே என்பதையும் வரைந்துவையுங்கள். பள்ளத்தில் கூட்டமாகச் செத்திருந்தால் நீர்த்தேக்கம். மேட்டில் இலை விளிம்பு கருகிச் செத்திருந்தால் உப்பு. நுனி வெட்டுப்பட்டிருந்தால் ஆடு. நீரோரத்தில் வேரோடு காணாமல்போயிருந்தால் அலையோ படகோ. காரணம் தெரியாமல் அதே குழியில் மறுநடவு செய்ய வேண்டாம். ஆறாம் படிக்குத் திரும்பிப்போய் வாய்க்காலைப் பாருங்கள், தூர்ந்திருக்கும். வாய்க்காலை ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் தூர் எடுக்க வேண்டும் என்பதையும், அதற்கான கூலியையும் முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள். எண்ணிக்கைப் பதிவேட்டின் ஒரு பிரதி வனச்சரக அலுவலகத்திலும், ஒரு பிரதி மீனவ ஊர்ப் பஞ்சாயத்திலும் இருக்கட்டும்.